டீயில ஈ

என் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுவதுதான் அவருடைய வேலை.

இலங்கையில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் பெட்டி கட்டும் இடத்தில் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. ஸ்டோர்தான், வயதானவர்கள் வாயில் இஸ்டோரு. கோப்பிக் காலத்தில் வந்த பேர் அது. 1869-இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. அந்தப் பேரை மட்டும் அதனால் தின்ன முடியவில்லை.

பிளைவுட் பலகையில் விளிம்புக்குத் தகரப்பட்டி அடித்து, உள்ளே ஈயத்தாள் விரித்த பெட்டிகள். அந்த ஈயத்தாள் துண்டு கிடைத்துவிட்டால் எங்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. பெட்டியின் மேல் அப்பா எழுத்துத் தகட்டை வைத்து, கறுப்பு மையில் தோய்த்த கட்டைப் பிரஷ்ஷால் இரண்டு குத்துக் குத்தி எடுப்பார். தோட்டத்தின் பேர், தூளின் ரகம், பெட்டி நம்பர். அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சொற்கள்: குரோஸ், டேர், நெட். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்.

1972-இல் நாட்டின் பேர் ஸ்ரீலங்கா என்று மாறியபோது 'சிலோன்' தகட்டை என்ன செய்வது என்று அப்பா போய்க் கேட்டிருக்கிறார். கழட்டி வை, ஆனால் எறியாதே என்றார்களாம். நாடு பேரை மாற்றிக்கொண்டாலும் தேயிலை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் உலகச் சந்தையில் அது சிலோன் டீதான்.

ரகப் பெயர்கள் எங்களுக்குப் பெரிய புதிர். பி.ஓ.பி. என்றால் புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ என்று டீமேக்கர் ஐயா யாருக்கோ சொன்னதை அப்பா வீட்டில் வந்து சொன்னார். ஆரஞ்சு என்றால் தோடம்பழம் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் ஸ்டோர் வாசலில் நின்று மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தேன். தோடம்பழ வாசம் வரவேயில்லை. அது பழமில்லை, ஒல்லாந்து அரச வம்சத்தின் பேர் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம் என்று நான் படிக்க வெகுகாலம் ஆனது. பீக்கோ சீனச் சொல். அமோய் பக்கத்துப் பேச்சில் வெள்ளை ரோமம் என்று பொருள். கொழுந்தின் நுனி மொட்டில் பூனைமயிர்போல இருக்குமே, அதுதான். அந்த ரோமத்தை எங்கள் அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தொட்டாள். பேர்தான் அவளுக்குத் தெரியாது.

1974-இல் நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் பாடசாலை ஒரே மண்டபம். ஐந்து வகுப்புக்கும் ஒரே மாஸ்டர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க இன்னும் சில வருடங்கள் இருந்தன. கரும்பலகை என்பது தேயிலைப் பெட்டிப் பலகைக்குக் கறுப்புச் சாயம் பூசியது. ஆங்கிலப் புத்தகம் மாஸ்டரிடம் ஒன்று, எங்களிடம் ஒன்றுமில்லை. அதனால் அவர் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒடஞ்ச பலகையில ஒவ்வொரு எழுத்தா அடிச்சுக் குடுங்க" என்றார். அப்பாவும் பிஸ்கட் அளவுக்குத் துண்டு நறுக்கி, கைவசம் இருந்த தகட்டு எழுத்துக்களை அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஆங்கிலப் பாடம் அந்தப் பலகைத் துண்டுகளில்தான் தொடங்கியது. பெட்டியில் இல்லாத எழுத்து எங்கள் மொழியிலும் இல்லை. 'ஜே'யும் 'கியூ'வும் நான் ஆறாம் வகுப்பில் பார்த்தவை.

முதல் நாள் மாஸ்டர் மூன்று துண்டுகளை எடுத்து வைத்தார். டீ, ஈ, ஏ.

"சேத்துச் சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து என் கூட்டாளி சத்தமாகச் சொன்னான்: "டீயில ஈ... ஏ!"

வகுப்பே சிரித்தது. தேத்தண்ணிக் கோப்பையில் ஈ விழுந்தால் வீட்டில் கத்துவோமே, அப்படியே இருந்தது. மாஸ்டர் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தமிழில் ஒரே எழுத்தில் பொருள் தரும் சொற்கள் 42 என்று நன்னூல் சொல்கிறது என்றார். ஈ அதில் ஒன்று. பறக்கிறதும் ஈ, கொடு என்பதும் ஈ. ஏ என்றால் அம்பு. "வெள்ளைக்காரன் எழுத்தும் நமக்குச் சொல்லுதான்டா" என்றார். அன்றைக்கு எங்களுக்கு அது முழுசாக விளங்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தின் மேல் இருந்த பயம் அந்த ஈயோடு பறந்துவிட்டது. 'என்' என்ற எழுத்து வந்தால் என்னுடையது. 'ஆர்' வந்தால் யார். நெட் என்ற சொல்லை 'என் ஈ டீ' என்று எழுத்துக்கூட்டி, என் ஈயைக் குடித்துவிட்டான் என்று ஒருவன் அழுது நடித்துக் காட்டினான்.

பிறகுதான் விளையாட்டு வந்தது. மாஸ்டர் அதே மூன்று துண்டுகளை இடம் மாற்றினார். ஈ, ஏ, டீ: ஈட், சாப்பிடு. இன்னொரு தரம் மாற்றினார். ஏ, டீ, ஈ: ஏட், சாப்பிட்டேன். தேயிலைக்குள் சாப்பாடு இருக்கிறது, பாருங்கள் என்றார். அந்த வருடம் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். 1973-இலும் 74-இலும் தோட்டங்களில் விழுந்த பஞ்சத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசி அரைக்கொத்து, கோதுமை மாவுக்கு வரிசை, பிறகு அந்த மாவும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு அவித்த வீடு வசதியான வீடு. நாடற்றவர்கள் என்று பேர் எடுத்திருந்த எங்களுக்குக் காணித் துண்டும் இல்லை, கிராமத்துச் சொந்தமும் இல்லை. தோட்டத்துக் கதவுக்கு வெளியே போனால் யாரைக் கேட்பது? 'ஏட்' என்பது இறந்தகாலம் என்று மாஸ்டர் விளக்கியபோது, முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "அப்ப அது நேத்துச் சாப்பிட்டதா மாஸ்டர்?" என்று கேட்டது. அவர் துண்டுகளைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுத் தமிழ்ப் பாடத்தைத் திறந்தார்.

ஆனாலும் விளையாட்டு நிற்கவில்லை. மூன்று எழுத்தோடு நான்காவது ஒன்றைச் சேர்த்து, கிடைக்கும் சொல்லையெல்லாம் எழுதிக்கொண்டு வரவேண்டும். 'எஸ்' சேர்த்தால் சீட், ஈஸ்ட், இருக்கையும் கிழக்கும். 'ஜீ' சேர்த்தால் கேட், வாசல். 'பீ' சேர்த்தால் பீட், அடி. 'எல்' சேர்த்தால் லேட். இந்த லேட் என்ற சொல்லை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விடிய முந்தி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய் நிற்காவிட்டால் கணக்கப்பிள்ளை சொல்லும் சொல் அது. லேட் என்றால் அன்றைக்குப் பேர் இல்லை. எங்கள் மலையில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. துரைமார் தங்கள் ஆங்கிலத்திலும் அதை அப்படியே 'ஹாஃப் நேம்' என்று எழுதிவைத்தார்கள். இங்கிலாந்தில் போய்ப் பாதிப் பெயர் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. எங்கள் அப்பாயிக்கு விளங்கும். மழை பிடித்த மாதங்களில் அவள் பாதிப் பெயரோடுதான் வீட்டுக்கு வருவாள்.

'ஆர்' சேர்த்த நாளை நான் மறக்கவில்லை. மூன்று சொல் கிடைத்தது. ரேட், விலை. டியர், கண்ணீர், அதே எழுத்தை வேறு மாதிரிச் சொன்னால் கிழி. மூன்றாவது டேர். அதை நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்ன, தினம் அப்பா பெட்டியில் பார்க்கிற சொல்தானே. 'டீ, ஏ, ஆர் ஈ?' என்று எழுத்துக்கூட்டினால் யாருடைய ஈ என்று கேட்பதுபோல இருக்கும். மாஸ்டருக்கே அதன் பொருள் சட்டென்று வரவில்லை. "ஒங்கப்பாவக் கேட்டுக்கிட்டு வா" என்றார்.

அப்பா சொன்னார்: "டேருன்னா வெறும் பொட்டியோட கனம். தூளோட சேத்து நிறுத்தா குரோஸ். அதுல பொட்டியக் கழிச்சா நெட்டு. சீமைக்காரன் நெட்டுக்குத்தான் காசு குடுப்பான். பலகைக்கு ஏன் குடுக்கிறான்?"

ஒவ்வொரு வெறும் பெட்டியும் தூள் போடுமுன் தராசில் ஏறும். அதன் கனம் அதன் நெற்றியிலேயே எழுதப்படும். ஒரு பெட்டியின் கனம் இன்னொன்றுக்கு ஆகாது என்பதால் அப்படி. நல்ல நியாயம் அது. நான் அதை அன்றைக்குச் சாயங்காலம் மடுவத்துக்குக் கொண்டுபோனேன்.

கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு மடுவம் என்று பேர். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, தலைக்கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டுப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கூடைக்கொழுந்து சாக்குக்கு மாறி, சாக்கோடு தராசில் தொங்கும். அப்போது இறாத்தல் கணக்கு. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து ஓர் எண் சொல்வார். எழுதும்போது அதில் கொஞ்சம் குறையும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, தண்டு இருக்கிறது அதற்கு இவ்வளவு. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து, "அம்மா, அந்தக் கழிச்ச ரெண்டு ராத்தலுக்கு டேருன்னு பேரு" என்றேன்.

"பேரு வச்சுட்டா கொறையுமாடா?" என்றாள் அம்மா.

அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூடையை உதறிக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஸ்டோரில் வெறும் பெட்டியை நிறுத்துப் பார்க்கிறார்கள். மடுவத்தில் வெறும் சாக்கை யாரும் நிறுத்து நான் பார்த்ததில்லை. சீமையில் வாங்குகிறவன் பலகைக்குக் காசு கொடுத்துவிடக் கூடாதே என்று அத்தனை கவனம். மலையில் பறிக்கிறவளுக்கு ஒரு வாய்க்கணக்கு. அதே கொழுந்து, அதே தோட்டம், நடுவில் அரை மைல் ரோடு. பத்து வயதில் இதையெல்லாம் இப்படி வார்த்தையாக நினைத்தேன் என்று சொன்னால் பொய். சாக்கை ஒரு தரம் தராசில் போட்டுப் பார்த்தால் என்ன என்று மட்டும் நினைத்தேன். அதைக் கேட்கவும் இல்லை. கணக்கப்பிள்ளை கையில் குடைக்கம்பு இருந்தது.

இந்த இடத்தில் எதிர்த்திசையில் போன சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலம் எங்களிடம் வந்ததைப்போல எங்கள் சொல்லும் அவர்களிடம் போயிருக்கிறது. இதை நான் பெரியவனாகி, பழைய தோட்டக் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கக் கிடைத்த காலத்தில்தான் அறிந்தேன். பி.டி., எஸ்.டி. என்று துரைமார் தங்களுக்குள் எழுதிக்கொள்வார்கள். ஏதோ பெரிய ஆங்கிலப் பதவி என்று நினைத்திருந்தேன். பி.டி. என்றால் பெரிய துரை, எஸ்.டி. என்றால் சின்ன துரை! நாங்கள் குடியிருந்த லயத்துச் சொல் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு பங்களாவில் உட்கார்ந்திருக்கிறது. சீமையிலிருந்து புதிதாக வரும் சின்ன துரைமாருக்குத் தமிழ் பழக்க ஃபெர்குசன் என்பவர் எழுதிய கைப்புத்தகத்தின் பெயரே 'இங்கே வா'. மற்ற எந்தச் சொல்லையும்விட அது முதலில் தேவைப்பட்டிருக்கிறது. துண்டு என்ற சொல்லும் அவர்கள் சட்டப் பேச்சில் ஏறியது. ஒரு தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவனை அழைத்துப் போகலாம் என்று எழுதிய சீட்டு அது. ஆளோடு ஆளாகக் கடனும் தோட்டம் மாறும். 1921-இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதில் எனக்குச் செல்லமான சொல் தூள். ரோலரில் உருண்ட கொழுந்தைச் சலிக்கும்போது முதலில் விழுவது ஃபர்ஸ்ட் தூள், அடுத்தது செகண்ட் தூள். டீமேக்கர்கள் அதை ஆங்கில எழுத்தில் எழுதி, 'டூல்' என்று நாக்கை மடக்கிச் சொல்வார்கள். அப்பா அதை ஆங்கிலம் என்றே நினைத்திருந்தார். முப்பது வருடம் தூளுக்குள் நின்ற மனிதர், வீட்டில் வந்து, "இன்னிக்கு டூலு சரியில்ல" என்பார். அது நம் சொல்தானப்பா என்று நான் ஒருநாள் சொன்னபோது நம்பவில்லை. நம்மச் சொல்லுன்னா அவங்க ஏன் சொல்றாங்க என்று கேட்டார். தேயிலை என்ற சொல்லிலும் பாதி சீனம், பாதி தமிழ். 'தே' கப்பலில் வந்தது. 'இலை' நம் கொல்லையில் இருந்தது. அதையும் சொன்னேன். சிரித்துவிட்டுச் சாயத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

ஆறாம் வகுப்புக்கு ஹட்டனுக்குப் போகுமுன் மாஸ்டர் வைத்த கடைசி விளையாட்டு ஒன்று. எஸ்டேட் என்று எழுதினார். இதில் டீ, ஈ, ஏ மூன்றும் இருக்கிறது, பார்த்தீர்களா என்றார். பார்த்தோம். "முன்னால ஒக்காந்திருக்கிற ஈய வெரட்டுனா?" என்று கேட்டுக்கொண்டே முதல் எழுத்தைக் கையால் அழித்தார். ஸ்டேட். நாடு, அரசு.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. காரணம் வீட்டுக்கு வீடு அந்தப் பேச்சுத்தான். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை எந்த நாட்டிலும் சேர்க்காமல் விட்டது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரையும் 1974-இல் இந்திரா காந்தியோடு பேசி ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். லயத்தில் இதை யாரும் ஒப்பந்தம் என்று சொல்லவில்லை. "நீங்க எங்க எழுதினீங்க? அங்கயா, இங்கயா?" என்றுதான் கேட்பார்கள். அண்ணன் அங்கே எழுதியிருப்பான், தம்பி இங்கே. பஞ்சம் வந்த வருடத்தில் அங்கே எழுதியவர்கள் பக்கம் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. அங்கே அரிசி இருக்கிறதாம்.

என் கூட்டாளி வீட்டில் அங்கே எழுதியிருந்தார்கள். டீயில ஈ என்று கத்தினவன்தான். 1977 வாக்கில் அவர்களுக்கு நாள் வந்தது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம். கோச்சி புறப்படும்போது மேடையில் நிற்கும் கூட்டத்தின் சத்தம் ஸ்டேஷனுக்கு வெளியே கேட்கும். அழுகைக் கோச்சி என்றே அதற்குப் பேர் விழுந்திருந்தது.

சாமான் கட்டப் பெட்டி வேண்டுமே. ஸ்டோரில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிகள் இரண்டை அப்பா கேட்டு வாங்கிவந்தார். ஒன்றில் பலகை வெடித்திருந்தது. வெறும் பெட்டியை நிறுத்து எண் அடித்த பிறகுதான் வெடிப்பைக் கண்டிருக்கிறார்கள். அதனால் டேருக்கு எதிரே எண் இருந்தது. குரோஸுக்கும் நெட்டுக்கும் எதிரே ஒன்றுமில்லை. அப்பா வெடிப்புக்குத் தகரப்பட்டி அடித்தார். பிறகு தகட்டு எழுத்தை எடுத்து, கூட்டாளியின் அப்பாவான மாமாவின் பேரை ஒவ்வொன்றாகக் குத்தினார். ஓர் எழுத்து ஸ்டோரில் இல்லை. அதை நான் கையால் எழுதினேன். மாமா தன் பேரை ஆங்கிலத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரலால் தடவப் போனார். மை காயவில்லை என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டிக்குள் பித்தளைக் குடம், சாமிப் படம், இரண்டு கம்பளி, கவ்வாத்துக் கத்தி. அத்தை அம்மிக்குழவியையும் வைத்தாள். அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் தூக்கிக்கொண்டு போகிறாய் என்று மாமா சத்தம் போட்டார். அங்க அம்மி கெடைக்கும், கொழவி கையோட பழகினது என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அப்புறம் அவள் அந்த மூன்று வரிகளைக் காட்டி அப்பாவிடம் கேட்டாள்.

"இது என்னாண்ணே எழுதியிருக்கு?"

"இந்த நம்பர் வெறும் பொட்டியோட கனம் தங்கச்சி."

"அப்ப உள்ள இருக்கிற சாமானோடது?"

"அது இங்க வரணும். நிறுக்கிறவங்கதான் எழுதணும்."

யாரும் நிறுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து கூட்டாளி கடிதம் போட்டான். இங்கேயிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். அதற்கு டேன்டீ என்று பேராம். அதிலும் நம்ம மூணு எழுத்து இருக்குடா என்று எழுதியிருந்தான். குளிர் அதே குளிர். ஊர்க்காரர்கள் சிலோன்காரன் என்று கூப்பிடுகிறார்கள். பெட்டியைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. இப்போது அதில் கோழி அடைக்கிறார்களாம். எழுத்து இன்னும் அழியவில்லையாம். அந்த டேர் நம்பரை யாரும் அழித்துவிடக் கூடாது என்று அவன் அம்மா காவல் காக்கிறதாம். அதை அவர்களுடைய பாஸ்போர்ட்டு நம்பர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதாம்.